துவக்குப் பங்கு

எமிலைப் பற்றி அவனைத் தெரிந்த தமிழ்ச் சனம் இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, மரக்காலையில் மரம் அரிக்கிறவன், நல்ல பொடியன். மற்றது, ஜெர்மன்காரரோடு சேர்ந்து காட்டில் மான் சுடுகிறவன். இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். ஆள் குடிக்கப் பழகிவிட்டான் என்று சொல்லுகிற அதே குரல்.

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலையும் காடுமாக ஏறிப் போகிற பக்கத்தில், தேவாலயமும் மரக்காலையும் பேக்கரியும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர் அது. எண்பதுகளின் நடுவில் மன்னாரிலிருந்து அகதியாக வந்த எமிலை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். கூட வந்தவர்கள் பட்டணத்துக்கு ஓடிவிட்டார்கள். இவன் நின்றுவிட்டான். ஏன் நின்றாய் என்று கேட்டால், "மரவாசம் பிடிச்சுப் போச்சு" என்பான். மரவாசம் மட்டுமல்ல, டொறத்தியும் காரணம். அந்தத் தமிழ்ப் பெட்டை பக்கத்து ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட பிறகு பட்டணத்துப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. பிற்பாடு இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தெருவில் வந்து சேர்ந்தன.

மரக்காலை முதலாளி ரென்ஸ். அந்த ஊர்க் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவர்தான். பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரி கட்டவேண்டும் என்பதுபோலப் பேசுகிற மனிதர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவருடைய காட்டில் பெரிய வேட்டை நடக்கும். ஆட்கள் வரிசையாக நின்று சத்தம் போட்டுக் காட்டைக் கலைக்க, துவக்குக்காரர் மற்றப் பக்கத்தில் சுடுவதற்குக் காத்திருப்பார்கள். காடு கலைப்பதற்கு எமில் வருடா வருடம் போவான். "நீ பரீட்சை எடுத்தால் உனக்கும் ஒரு கிடாய் மான் சுட அனுமதி தருவேன்" என்று ரென்ஸ் ஒருநாள் சொன்னார். அதை எமில் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

அப்பு வரும் வரைக்கும்.

அப்பு என்றால் எமிலின் தகப்பன், பெயர் அம்புறோஸ். எழுபதைத் தாண்டியவர். மனைவியைப் புதைத்துவிட்டு, போரின் செல்லடிக்குள் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, எமில் ஏஜென்சிக்காரனைப் பிடித்து அழைப்பித்ததில் தொண்ணூற்றைந்தில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். மன்னார்ப் பெருநிலத்தில் அவர் பேர்போன வேட்டைக்காரர். சுடுவதைக் காட்டிலும் பங்கு பிரிப்பதில்தான் பேர் வாங்கியவர். யார் சுட்ட மானென்றாலும் கத்தி அவர் கையில்தான் வரும். அவர் பிரித்த பங்கைக் குறை சொல்லி ஒருவரும் படலையில் வந்து நின்றதில்லை.

அந்த மனிதர் இங்கே வந்து செய்தது ஒரே வேலை. சூடு வருகிற ரேடியேட்டரில் முதுகை வைத்துக்கொண்டு, யன்னலால் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். பேரப்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தால் வந்து தங்களுக்குள் ஜெர்மனில் கொட்டும்போது சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். ஓர் இழவும் விளங்கியிராது.

தொண்ணூற்றாறு பங்குனியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், உப்பைக் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி, ஆவணித் திருவிழாவுக்கு நான் மடுவில நிக்க வேணும். ஜசிந்தாவோட இருந்திட்டுப் போறன். என்னை அனுப்பிவிடு."

ஜசிந்தா எமிலின் தங்கச்சி. மடு மாதா கோயிலைச் சுற்றிய அகதி முகாமில், தறப்பாள் கொட்டிலில், மூன்று பிள்ளைகளோடு இருந்தாள்.

"அப்பு, அங்க சண்டை நடக்குது. உங்களுக்கு விசரோ?"

"சண்டை எனக்குப் புதுசோ? இஞ்ச நான் என்னத்துக்கு, சொல்லு பாப்பம். ஒரு வேலை சொல்லு, நிக்கிறன்."

வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? உடுப்புத் துவைக்க மெஷின், கோப்பை கழுவ மெஷின். அப்பு அனுபவிக்கட்டும் என்றுதான் அழைப்பித்தான். அனுபவிக்கச் சொன்னால் மனிதர் செத்துப்போவார் போலிருந்தது.

அப்பு வந்த மாதமே எமில் வேட்டைக்காரர் பரீட்சைக்கான மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். என்றைக்காவது ஒருநாள் இவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம்தான். துவக்கு, சட்டம், மரம், பறவை எல்லாம் பாடமாக்கி, கடைசியில் நாய்ப் பாடத்தில் விழுந்தான். ஜெர்மன்காரர் வேட்டை நாயில் வைத்திருக்கிற வகை கொஞ்சநஞ்சமில்லை. நீள மயிர், கட்டை மயிர், கம்பி மயிர். எமிலுக்கு நாய் என்றால் நாய். அந்தமுறை பெயில். அப்பு மடுக் கதையைத் தொடங்கிய பிறகு வெறிபிடித்தவன்போலப் படித்தான். கோப்பை அடுக்கும்போதும் டொறத்தி நாயின் பெயரைக் கேட்பாள், இவன் மயிரைச் சொல்லுவான். வைகாசியில் பாஸ் பண்ணினான்.

"ஒரு மானைக் காட்டி மாமாவை மறிச்சுப் போடலாம் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று டொறத்தி கேட்டாள்.

"வேற என்னத்தைக் காட்ட? உன்ர உடுப்பு மெஷினையோ?"

ரென்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தன்னுடைய துவக்கு ஒன்றை இரவல் தந்தார். சுடக்கூடியது ஒரேயொரு இளங்கிடாய், கொம்பு மெலிந்தது. பெரிய கிடாயைத் தொடக்கூடாது, பிணைமானைத் தொடக்கூடாது. "சனிக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன். சுட்டால் உன் வீட்டுக் கெல்லரில் தொங்கப்போடு, குளிராக இருக்கும்தானே. மாலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. விருந்துக்கு அந்த இறைச்சிதான்."

கெல்லர் என்பது வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறை. அந்த நாட்டு முறைப்படி காட்டில் விழுகிற மான் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத்தான் சொந்தம். சுட்டவனுக்குக் கொம்பும், வயிறு கிழித்துத் துப்புரவாக்குகிறவனுக்கு ஈரலும் இதயமும். மற்றதெல்லாம் ரென்சுக்கு. இந்தக் கதையில் பாதியையாவது எமில் அப்புவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரான் மானுக்கு நான் ஏன் கூலிக்குப் போகிறேன் என்று கிழவர் சண்டித்தனம் பண்ணினாலும் பண்ணுவார் என்று பயந்தான். பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான்.

ஆனியில் அந்தச் சனிக்கிழமை விடியப்புறம் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். அப்பு எமிலின் தடித்த கோட்டுக்குள் புகுந்து, கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, காருக்குள் ஒரு சொல் பேசாமல் இருந்தார். காட்டு விளிம்பில் இறங்கி, ஈரப்புல்லில் நடந்து, பரணடிக்கு வந்தபோதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இதென்ன, பரணோ வீடோ?"

நியாயமான கேள்வி. ரென்சின் பரணுக்குக் கூரை இருந்தது, கதவு இருந்தது, இருக்க மெத்தை இருந்தது, காலுக்குக் கம்பளமும் இருந்தது. அப்பு ஏணியில் ஏறும்போது எமில் பின்னால் நின்று தாங்கப் பார்த்தான். "கையை எடு" என்று ஓர் அதட்டல் விழுந்தது. அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை வருடம். எமிலுக்கு உள்ளுக்குள் தித்தித்தது.

வெளிச்சம் பரவியதும் புல்வெளியில் ஒரு பிணையும் குட்டியும் வந்தன. அப்புவுக்கு ஒரு கண்ணில் புகை மறைப்பு, ஆனால் மற்றக் கண் காணும். அவர் பிணையைப் பார்த்தார், எமிலைப் பார்த்தார். எமில் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "தாய்" என்று கிசுகிசுத்தான். அப்பு சம்மதமாகக் கண்ணை மூடித் திறந்தார். அதில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை பிறகு வந்தது. நல்ல வளர்ந்த கிடாய் ஒன்று, கொம்பை நிமிர்த்திக்கொண்டு, சொந்தக் காணிக்குள் நடப்பதுபோல நடுவெளிக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. இதைவிட வசதியாக ஒரு மான் நின்று தராது. அப்புவின் முழங்கை எமிலின் விலாவில் இறங்கியது.

"வெடி வை."

"ஏலாது அப்பு. அது பெருங்கிடாய். எனக்கு விட்டது சின்னன்தான்."

"அது என்ன கணக்கு? வந்து நிக்கிறதை விட்டிட்டு..."

"இஞ்சத்த முறை அப்படி."

கிடாய் ஆறுதலாக மேய்ந்து, ஆறுதலாகத் திரும்பி, காட்டுக்குள் போயிற்று. அப்பு அது போன வழியைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீ மான் சுட வந்தனியோ, மான் பாக்க வந்தனியோ?"

எமிலுக்கு வந்த சிரிப்பில் பரண் ஆடியது. சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்தினான். பக்கத்தில் பார்த்தால் அப்புவின் தோளும் குலுங்குகிறது. ஜெர்மனிக்கு வந்த பிறகு அவர் சிரித்து எமில் கண்டதில்லை. இனி மான் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

ஆனால் வந்தது. வெயில் மரங்களுக்கு மேலே ஏறுகிற நேரத்தில், இளங்கிடாய் ஒன்று, கொம்பு விரல் நீளத்துக்கு முளைத்தது, தாயைத் தேடுகிற பிள்ளைபோல அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு வந்தது. எமில் துவக்கை எடுத்தான். இரண்டு தரம் குறி பார்த்தான். கடதாசி மானைச் சுட்டுப் பழகினவன்தானே. அப்பு சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். செல்லடிக்குள் கிடந்து வந்த மனிதர், வெடிச் சத்தத்துக்கு என்ன ஆவாரோ என்ற பயம் எமிலுக்குப் புறப்படும்போதே இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை. மூச்சைப் பிடித்தான், சுட்டான். கிடாய் நின்ற இடத்திலேயே விழுந்தது.

அப்பு கண்ணைத் திறந்து பார்த்து, "சரி" என்றார். அவ்வளவுதான். கைகூட ஆடவில்லை.

கீழே இறங்கிப் போய், எமில் தொப்பியைக் கழற்றினான். பக்கத்து ஊசிமரத்தில் சின்னக் கொப்பு ஒன்றை முறித்து, கிடாயின் வாயில் வைத்தான்.

"அது என்னத்துக்கு?"

"கடைசி வாய்ச் சாப்பாடு. எல்லா வேட்டைக்காரரும் குடுக்கிறது. குடுக்காமல் தூக்கக் கூடாது."

அப்பு அந்தக் கொப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு தன்னுடைய கம்பளித் தொப்பியையும் கழற்றினார். "நல்ல பழக்கம்" என்றார். "எங்கட ஆக்கள் அந்தோனியாருக்கு ஒரு செபம் சொல்லுவினம். செத்ததுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை."

வயிறு கிழிக்கும்போது அப்பு கால்களை விரித்துப் பிடித்தார். எமில் தடுமாறியபோது, "அதுக்குள்ள போகாதை, பித்தம் உடைஞ்சிடும்" என்று சொன்னார். ஈரலை எடுத்துப் பையில் போட்டுவிட்டு எமில் சொன்னான்: "இது எங்களுக்கு. வெட்டினவனுக்கு ஈரல். அது இஞ்சத்த பங்கு."

"அப்ப இஞ்சயும் பங்கு இருக்கு?"

"ஓம் அப்பு, இருக்கு."

அந்த "ஓம்" என்ற சொல்லோடு நிறுத்தியதுதான் பிழை. அப்புவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, மிச்சத்தைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? எமிலுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, கிடாயைக் கெல்லரில் கொழுவிவிட்டு, துவக்கைப் பூட்டி வைத்துவிட்டு, எமில் கட்டிலில் விழுந்தான். முதல்நாள் இரவு ஒரு பொட்டு நித்திரை இல்லை. விழுந்தவன் மரம்போலக் கிடந்தான். எழும்பியபோது மத்தியானம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. குசினியில் ஈரல் பொரித்த மணம். நல்ல மணம்தான். வாய் கொப்பளித்துவிட்டு, தன்னுடைய கிடாயை இன்னொருதரம் பார்க்கும் ஆசையில் கெல்லருக்கு இறங்கினான்.

கொழுக்கி வெறுமையாக இருந்தது. கீழே கழுவிய தரை. ஒரு மூலையில் தோல் மடித்து வைத்திருந்தது, அதற்கு மேலே தலை. வாயில் வைத்த கொப்பு அப்படியே இருந்தது.

எமில் படிகளைத் தாண்டித் தாண்டி மேலே வந்தான்.

"டொறத்தி, மான் எங்க?"

"மாமா பங்கு போட்டவர்." அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டே திரும்பினாள். எமிலின் முகத்தைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "ஏன்? நீங்கள்தான் சொன்னதெண்டு நினைச்சன்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். ரகுநாதன் அண்ணை வீட்டுக்கு ஒரு பங்கு. கனகவல்லி அக்கா வீட்டுக்கு ஒண்டு; அவ சனி விரதமாம், ஆனாலும் வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள்ள வைச்சவா. பிறேமா வீட்டுக்கு ஒண்டு. கீழ்வீட்டு ஃபிறாவ் வேர்ணருக்கு ஒண்டு."

"அவவுக்குமோ? எங்கட குழம்பு மணக்குது எண்டு வீட்டுக்காரனிட்டச் சொன்ன மனிசியெல்லே?"

"நானும் அதைத்தான் சொன்னனான். அயலுக்குக் குடுக்காமல் தின்னேலாது எண்டிட்டார் மாமா."

எமில் கதிரையில் குந்தினான். ரென்ஸ், அவருடைய அம்மா, தொண்ணூறு வயது, விருந்து, எல்லாவற்றையும் சொன்னான். டொறத்தி வாயில் கையை வைத்தாள்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு மாமா தானாய் வந்து, 'பிள்ளை, ஒரு நல்ல கத்தி தா' எண்டு கேட்டவர். நான் என்னெண்டு மறிக்கிறது? நாலு வீட்டுப் படி ஏறி இறங்கினவர், ஒருக்காலும் களைக்கேல்லை. திரும்பி வரேக்க என்ன சொன்னவர் தெரியுமோ? 'அடுத்தமுறை மேல்வீட்டுக்காரருக்கும் குடுக்க வேணும்' எண்டார். அடுத்தமுறை எண்டார்."

எமில் இந்த வருடம் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். இப்போது ஓடிப்போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி இறைச்சியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால், அப்பு பிரித்த பங்கு திரும்பி வரும். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஆவணி வரைக்கும்கூட நிற்கமாட்டார். கேட்காவிட்டால் ரென்சுக்கு என்ன சொல்வது? அனுமதி போய்விடும். அனுமதி போனால் அடுத்தமுறை என்பதும் இல்லை.

ஆனாலும் எழும்பிப் போனான். கிட்ட இருந்த கதவு ஃபிறாவ் வேர்ணருடையது. தட்டினான். வழக்கமாகக் கதவைச் சங்கிலி நீளத்துக்குத்தான் திறக்கிற மனிசி, அன்றைக்கு விரியத் திறந்தாள்.

"உங்கள் அப்பா எவ்வளவு நல்ல மனிதர்! என் கணவர் இறந்த பிறகு எனக்கு ஒருவரும் மான் இறைச்சி கொண்டுவந்து தந்ததில்லை. மோரில் ஊறப்போட்டுவிட்டேன், வாருங்கள், காட்டுகிறேன்."

எமில் போய், சட்டிக்குள் மோரில் மூழ்கிக்கிடந்த ரென்சின் அம்மாவுடைய விருந்தைப் பார்த்து, "நல்லாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.

அப்பு முன்னறையில் இருந்தார். ரேடியேட்டர் பக்கமாக அல்ல, மேசையடியில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை, பழி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது என்று எமில் முடிவு கட்டினான்.

வெயில் சாயும் நேரம் ரென்ஸ் கல்யாண உடுப்போடு வந்தார். கைகொடுத்தார். "எங்கே கிடாய்?"

எமில் ஜெர்மனில் சொன்னான். நான்தான் வெட்டினேன், நான்தான் கொடுத்தேன், எங்கள் ஊர்ப் பழக்கம், யோசிக்காமல் செய்துவிட்டேன். ரென்ஸ் கேட்டுக்கொண்டே நின்றார். கழுத்திலிருந்து மேலே மெல்லமெல்லச் சிவந்து வந்தது. சத்தம் போட்டிருந்தால் எமிலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை.

"அது என்னுடைய கிடாய். நீ பரீட்சையில் இதைப் படித்தவன். தெரியாது என்று சொல்லமுடியாது."

"தெரியும்."

"அப்படியென்றால் துவக்கைத் தா. இனி என் காட்டுக்குள் நீ துவக்கோடு வர வேண்டாம்."

அப்பு கத்தியை மேசையில் வைத்தார். பாஷை விளங்காவிட்டாலும் முகம் விளங்கும்தானே. எழும்பி, குசினிக்குப் போய், குளிர்ப்பெட்டியைத் திறந்து, டொறத்தியின் கண்ணிலும் படாமல் அடித்தட்டில் வைத்திருந்த, வெள்ளைச் சீலையில் சுற்றிய பெரிய பொதி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். ரென்சின் முன்னால் மேசையில் வைத்து அவிழ்த்தார். பின்னங்கால் இரண்டும், முதுகும். கிடாயில் ஆகச்சிறந்த இறைச்சி அவ்வளவும் அதற்குள் இருந்தது.

"துவக்கு அவரின்ரதானே? துவக்குப் பங்கு முதல் பங்கு. தம்பி, சொல்லு அவருக்கு."

எமில் சொன்னான். எங்கள் ஊரில் துவக்குக்குச் சொந்தக்காரருக்குத்தான் முதல் பங்கு, அதை எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ரென்ஸ் குனிந்து பார்த்தார். விரலால் முதுகு இறைச்சியைத் தொட்டுப் பார்த்தார். அந்த வெட்டில் ஒரு கீறல் பிசகு இல்லை.

"இதை வெட்டியது நீ இல்லை" என்றார்.

அப்பு எமிலின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நான் பிழை விட்டிட்டனோ?"

"இல்லையப்பு."

"பொய் சொல்லாதை. அந்த மனிசன்ர முகத்தைப் பாத்தால் தெரியாதோ? சொல்லு."

இனி மறைக்க முடியாது. எமில் சொன்னான். கிடாய் முழுக்க அவருடையது, அவருடைய தாயாரின் விருந்துக்கு வைத்தது, எங்களுக்கு ஈரல் மட்டும்தான், இதைக் காட்டிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லி முடித்துவிட்டு, கிழவர் உடைந்துபோவார் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பு உடையவில்லை. மடித்திருந்த சட்டைக் கையை இறக்கினார், பொத்தானைப் போட்டார். குசினிக்குப் போய் இன்னொரு சின்னப் பொதியைக் கொண்டு வந்து பெரிய பொதிக்குப் பக்கத்தில் வைத்தார். அது எமிலின் வீட்டுக்கென்று வைத்த பங்கு.

"பிழையாய்ப் பிரிச்சவன் தன்ர பங்கை விட்டுக்குடுக்க வேணும். அதோட, அடுத்த வேட்டைக்கு ஒண்டும் எடுக்காமல் மானுக்குச் சொந்தக்காரருக்காக நடக்க வேணும். எங்க எண்டாலும் அதுதான் முறை. அவரிட்டக் கேள், அடுத்த வேட்டை எப்ப எண்டு. நான் காடு கலைச்சுக் கடனைக் கழிச்சு விடுறன்."

எமில் அதையும் மொழிபெயர்த்தான். ரென்ஸ் இரண்டு பொதியையும் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். கழுத்துச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"பெரிய வேட்டை நவம்பரில்தான்" என்றார். "பள்ளம் மேடு நடக்க வேண்டும். முடியுமா என்று கேள்."

நவம்பர். ஆவணித் திருவிழா முடிந்து எவ்வளவோ காலம் தள்ளி. வாற சனிக்கிழமை என்று ரென்ஸ் சொல்லியிருந்தால் கிழவர் ஒரு நாள் நடந்து கடனைக் கழித்துவிட்டு, நிம்மதியாக மடுவுக்குப் போவார். நவம்பர் என்றால், நான் அப்போது இங்கே இல்லை என்றுதானே சொல்லப்போகிறார்? அந்தப் பதிலைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஆனால் காட்டில் பாதி சொல்லி மறைத்ததுக்கு இன்றைக்குப் பட்டது போதும்.

"கார்த்திகையிலயாம் அப்பு. மேடு பள்ளமாம். நடப்பீங்களோ எண்டு கேக்கிறார்."

"கார்த்திகையிலயோ?"

"ஓம். திருவிழா முடிஞ்சு கனநாள்."

அப்பு நிலத்தைப் பார்த்தார். குசினி வாசலில் டொறத்தி மூச்சு விடாமல் நின்றாள். ரென்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்று அவரும் அசையாமல் நின்றார்.

"ஜசிந்தாவுக்கு என்ன சொல்லுறது?" என்று அப்பு கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு பெருமூச்சு ஒன்று விட்டார். "அவளுக்கு எழுது தம்பி. அப்புவுக்கு இஞ்ச ஒரு வேலை வந்திட்டுதாம், இந்த வருசம் வரமாட்டாராம் எண்டு எழுது. மற்றவன்ர மானைப் பிரிச்சுப்போட்டு நான் நாட்டைவிட்டு ஓடினனான் எண்டு அவள் கேள்விப்படக் கூடாது."

"அப்பு..."

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நான் வாறன் எண்டு அவருக்குச் சொல்லு."

"அவர் வருவார்." ஜெர்மன் மொழியில் அது இரண்டே சொல், பரீட்சைக்குப் படித்தவனுக்கு ஒரு பாரமும் இல்லை. அந்த இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் எமில் அழுதுவிட்டான். சின்னப் பிள்ளைபோல, மூக்கால் வடிய, தகப்பனுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றுகொண்டு அழுதான்.

ரென்ஸ் திகைத்துப்போனார். அனுமதியைப் பறித்ததுக்குத்தான் இந்த அழுகை என்று நினைத்துக்கொண்டார் பாவம். தொண்டையைச் செருமினார், சின்னப் பொதியை எடுத்து அப்புவின் கையில் திருப்பி வைத்தார், பெரிய பொதியைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரி, சரி, அழாதே" என்றார் எமிலிடம். "நீயும் வரலாம்."